பழைய சின்ன லேப்டாப்பின் டச்பேடில் மூன்று விரல் சைகை வருமா?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: 11.6 அங்குலத் திரையுள்ள பழைய லேப்டாப், லினக்ஸில் எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப். இரண்டு விரலால் ஸ்க்ரோல் ஆகிறது. மேக்புக்கில் இருப்பது போல மூன்று விரலால் தள்ளினால் வொர்க்ஸ்பேஸ் (ஒரே திரையில் மாறி மாறி வரும் தனித்தனி டெஸ்க்டாப்) மாற வேண்டும், அதற்கு எந்த சாஃப்ட்வேரைப் போடுவது? முடியாவிட்டால் பேடையே கழற்றி நல்லதாக மாற்றலாமா? சாஃப்ட்வேரின் பெயரை ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆனால் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு போய் நிறுவிய பலருக்கு ஒன்றும் நடப்பதில்லை. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று விட்டுப்போகிறது: மூன்றாவது விரல் மேலே இருக்கிறது என்பதை உங்கள் டச்பேட் கெர்னலுக்கு (வன்பொருளோடு பேசும் லினக்ஸின் உட்பகுதிக்கு) சொல்கிறதா? சொல்கிறது என்றால் மிச்சம் அரை மணி நேர வேலை. சொல்லவில்லை என்றால் எந்த சாஃப்ட்வேராலும் அந்த விரலை உண்டாக்கித் தர முடியாது.

இரண்டு விரல் ஸ்க்ரோல் வேலை செய்வதை இதற்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பிஎஸ்/2 என்ற பழைய மவுஸ் இணைப்பில் பேசும் சினாப்டிக்ஸ் நிறுவனப் பேட் விநாடிக்கு அதிகபட்சம் 80 பாக்கெட் அனுப்பும், ஒவ்வொன்றும் 6 பைட். அதில் எக்ஸ், ஒய் என்று ஓர் இடம், இசட் என்று அழுத்தம், டபிள்யூ என்று ஓர் எண், அவ்வளவுதான். டபிள்யூ 4 முதல் 7 வரை இருந்தால் சாதாரண ஒற்றை விரல். 8-க்கு மேல் போனால் அகலமான தொடுதல், அநேகமாக உள்ளங்கை. பல விரல்களை எண்ணத் தெரிந்த பேடாக இருந்தால் 0 என்பது இரண்டு விரல், 1 என்பது மூன்று அல்லது அதற்கு மேல். அதாவது விரல்கள் எத்தனை என்று தெரியும், எங்கெங்கே என்று தெரியாது. ஸ்க்ரோல் செய்ய எண்ணிக்கையும் ஓர் இடமும் போதும். அதனால்தான் மிகச் சாதாரணப் பேடிலும் அது ஓடுகிறது.

அடுத்த தலைமுறைப் பேடில் இரண்டு விரல்களின் இடமும் கிடைக்கும், ஆனால் அரைகுறையாக. உள்ளே இருக்கும் சென்சார் கிடைவரிசைக்கும் நெடுவரிசைக்கும் தனித்தனியாகத்தான் மொத்தம் எடுக்கிறது. இரண்டு விரல் வைத்தால் எக்ஸ் அச்சில் இரண்டு மேடு, ஒய் அச்சில் இரண்டு மேடு தெரியும். எந்த எக்ஸ் எந்த ஒய்யோடு சேரும் என்பது தெரியாது. ஆகவே கெர்னல் இரண்டு விரல்களையும் சுற்றிய ஒரு செவ்வகத்தின் மூலைகளை மட்டும் தருகிறது. லினக்ஸ் உலகில் இதை செமி-எம்டி என்பார்கள். பேடின் எண்களைச் சைகைகளாகப் புரிந்துகொள்ளும் லிப்இன்புட் என்ற லினக்ஸ் மென்பொருள், இந்த வகைப் பேடில் பிஞ்ச் (கிள்ளுவது போல விரல்களைச் சேர்ப்பது, விரிப்பது) சைகையைத் தானாகவே அணைத்துவிடும். எண்களை நம்ப முடியாது என்பதால் எடுத்த முடிவு அது, மல்லுக்கட்டிப் பயனில்லை.

மூன்றாவது வகை, ஒவ்வொரு விரலையும் தனித்தனியாகப் படமெடுப்பது போலக் காணும் சென்சார். ஆனால் அதுவே பிஎஸ்/2 கம்பி வழியாகப் பேசும்போது இரண்டு விரல்களின் இடத்தை மட்டும் முழுதாகச் சொல்லும். மூன்று, நான்கு, ஐந்து என்ற எண்ணிக்கையையும் சொல்லும். உங்களுக்கு வேண்டிய மூன்று விரல் ஸ்வைப்புக்கு இது போதும். மூன்று விரல் பிஞ்ச் மட்டும் சந்தேகம், ஏனென்றால் மூன்றாவது விரல் விலகுகிறதா கூடவே வருகிறதா என்று தெரியாது. கடைசி வகை, பிஎஸ்/2-க்குப் பதிலாக ஐ2சி அல்லது எஸ்எம்பஸ் என்ற வேறு இணைப்பு வழியாகப் பேசும் பேட். அதில் ஐந்து விரல் வரை இடத்தோடு வருவது வழக்கம், எந்தச் சைகையும் சாத்தியம். எலான்டெக் என்ற இன்னொரு நிறுவனத்தின் பேடிலும் இதே ஏணிதான்: அதன் 4-ஆம் பதிப்பு வன்பொருள் பிஎஸ்/2 வழியாகவே ஐந்து விரல்களின் இடத்தையும் தரும், முந்தைய பதிப்புகள் தராது. லேப்டாப் சின்னதா பெரியதா என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. 2008-இல் வந்த ஈ பிசி 900 என்ற குட்டி நெட்புக்கிலேயே இரண்டு விரல் ஸ்க்ரோல் இருந்தது.

இனி உங்கள் பேட் எந்தப் படியில் நிற்கிறது என்று பார்ப்போம். கட்டளைகளை இங்கே ஒலிப்பின்படி தமிழில் எழுதுகிறேன், டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடிக்கவும். டெபியன், உபுண்டு வகையில் லிப்இன்புட்-டூல்ஸ் என்ற பேக்கேஜையும் ஃபெடோராவில் லிப்இன்புட்-யூடில்ஸ் என்பதையும் நிறுவுங்கள். பிறகு 'சுடோ லிப்இன்புட் லிஸ்ட்-டிவைசஸ்'. வரும் பட்டியலில் டச்பேடைத் தேடி மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: அதன் முழுப் பெயர், மில்லிமீட்டரில் வரும் அளவு, கேப்பபிலிட்டீஸ் என்ற வரி. அந்த வரியில் பாயிண்டர், ஜெஸ்ச்சர் என்று இரண்டும் இருந்தால் நல்ல அறிகுறி. பாயிண்டர் மட்டும் இருந்தால் முதல் இரண்டு வகைகளில் ஒன்று என்று கொள்ளலாம்.

அடுத்தது 'சுடோ லிப்இன்புட் டீபக்-ஈவன்ட்ஸ்'. இதை ஓடவிட்டு மூன்று விரல்களை ஒன்றாக வைத்து நிதானமாக இடப்பக்கம் தள்ளுங்கள். ஜெஸ்ச்சர்_ஸ்வைப்_பிகின், அப்டேட், எண்ட் என்று வரிகள் வந்து, அவற்றில் 3 என்ற எண்ணும் இருந்தால் உங்கள் பேட் தகுதியானது. வெறும் பாயிண்டர் மோஷன் வரிகளோ ஸ்க்ரோல் வரிகளோ வந்தால் மூன்றாவது விரல் கண்ணில் படவில்லை. கன்ட்ரோல்+சி அழுத்தி வெளியே வரலாம். இன்னும் ஆழமாகப் பார்க்க விரும்பினால் 'சுடோ ஈவிடெஸ்ட்'. தொடக்கத்தில் வரும் நீண்ட பட்டியலில் பிடிஎன்_டூல்_ட்ரிப்பிள்டேப் இருக்கிறதா, ஏபிஎஸ்_எம்டி_ஸ்லாட் என்பதன் அதிகபட்ச மதிப்பு என்ன என்று பாருங்கள். எண்ணுவது பூஜ்யத்திலிருந்து, ஆகவே 1 என்றால் இரண்டு விரலுக்கு இடம், 4 என்றால் ஐந்துக்கு. பண்புகள் பகுதியில் செமி_எம்டி என்று வந்தால் நடுவில் சொன்ன அரைகுறை வகை.

மூன்று விரல் தெரியவில்லை என்றாலும் உடனே கைவிட வேண்டாம். பேட் திறமையானதாக இருந்து அதோடு பேசும் வழி தவறாக இருக்கலாம். பெயரைப் பாருங்கள். பிஎஸ்/2 ஜெனரிக் மவுஸ் என்றோ ஐஎம்பிஎஸ்/2 என்று தொடங்கியோ இருந்தால், கெர்னல் அதை டச்பேடாகவே அறியவில்லை, வெறும் மவுஸாக நடத்துகிறது. பலமுறை இதற்குக் காரணம் மனிதர்கள்தான்: எப்போதோ கர்சர் குதிக்கிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு க்ரப் (பூட் ஆகும்போது கெர்னலை ஏற்றும் நிரல்) வரியில் பிஎஸ்மவுஸ்.புரோட்டோ=ஐஎம்பிஎஸ் என்று சேர்த்துவிட்டு மறந்திருப்பார்கள். அதை நீக்கி மீண்டும் பூட் செய்தால் பேட் தன் முழுப் பெயரோடு வந்து நிற்கும். ஏசர் போன்ற சில லேப்டாப்களின் பயாஸில் டச்பேட் என்ற இடத்தில் பேசிக், அட்வான்ஸ்ட் என்று இரண்டு தேர்வு இருக்கும். பேசிக் என்பது பிஎஸ்/2, அட்வான்ஸ்ட் என்பது ஐ2சி. பேசிக்கில் கிடந்தால் மாற்றிப் பாருங்கள். மாற்றியதும் பேட் முற்றிலும் செத்துவிட்டால் அந்தக் கெர்னலில் அதற்குரிய ஐ2சி ஆதரவு இல்லை என்று பொருள், பழையபடி வைத்துவிட்டுப் புதிய கெர்னலோடு முயலலாம்.

சினாப்டிக்ஸ் பேட் என்றால் இன்னொரு கதவும் உண்டு. 'சுடோ டிமெசேஜ்' வெளியீட்டில் சினாப்டிக்ஸ் என்று தேடுங்கள் (கட்டளையின் எழுத்துகள் டி, எம், இ, எஸ், ஜி). உங்கள் டச்பேட் வேறொரு பஸ்ஸில் பேச வல்லது என்று சொல்கிறது, பிஎஸ்மவுஸ்.சினாப்டிக்ஸ்_இன்டர்டச் என்பதை 1 ஆக்கிப் பாருங்கள் என்று கெர்னலே ஒரு வரி எழுதியிருக்கலாம். அந்த வரி இருந்தால் அதிர்ஷ்டம். நிரந்தரமாக மாற்றும் முன், பிஎஸ்மவுஸ் என்ற கெர்னல் மாட்யூலை (டிரைவரை) இறக்கி ஏற்றி ஒரு முறை சோதியுங்கள்: 'சுடோ மோட்ப்ரோப் -ஆர் பிஎஸ்மவுஸ்', பிறகு 'சுடோ மோட்ப்ரோப் பிஎஸ்மவுஸ் சினாப்டிக்ஸ்_இன்டர்டச்=1'. இரண்டுக்கும் நடுவில் கர்சர் நகராது, திங்க்பேடில் உள்ள சிவப்புப் பொத்தானும் சேர்ந்து நின்றுபோகும், கீபோர்டு வேலை செய்யும். டீபக்-ஈவன்ட்ஸை மறுபடி ஓட்டி மூன்று விரல் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் ஈடிசி ஃபோல்டருக்குள் மோட்ப்ரோப்.டி என்ற இடத்தில் ஒரு கான்ஃப் கோப்பு உண்டாக்கி, ஆப்ஷன்ஸ் பிஎஸ்மவுஸ் சினாப்டிக்ஸ்_இன்டர்டச்=1 என்று ஒரே வரி எழுதுங்கள். டெபியன், உபுண்டுவில் அதன் பிறகு 'சுடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு' ஓட்டவும். இதை விட்டுவிட்டால், பிஎஸ்மவுஸ் மாட்யூல் தொடக்கத்திலேயே பழைய அமைப்போடு ஏறிவிட வாய்ப்புண்டு, நீங்கள் எழுதிய வரி வீணாகத் தோன்றும்.

இந்த மாற்றத்துக்குப் பிறகு கட்டாயம் சோதிக்க வேண்டியது சஸ்பெண்ட். மூடி, ஐந்து நிமிடம் விட்டு, திறந்து பாருங்கள். கெர்னல் தானாகவே இதைச் செய்யாமல் உங்களிடம் கேட்பதற்குக் காரணமே எல்லா மாடலிலும் இது சரியாக விழித்தெழும் என்ற உறுதி இல்லாததுதான். எழாவிட்டால் மாட்யூலை மேலே சொன்னபடி இறக்கி ஏற்றினால் பெரும்பாலும் உயிர் வரும். ஆனால் தினமும் அதைச் செய்ய யாருக்கும் பொறுமை இருக்காது, பழைய நிலைக்கே திரும்புவது நல்லது.

இப்போது சாஃப்ட்வேர். க்னோம் 40 (2021), கேடிஇ பிளாஸ்மா 5.25 (2022) ஆகிய டெஸ்க்டாப்கள் முதல், வேலண்ட் என்ற புதிய திரை அமைப்பில் இந்தச் சைகைகள் உள்ளேயே இருக்கின்றன, எதையும் நிறுவ வேண்டாம். ஆனால் 2 ஜிபி ரேம் உள்ள சின்ன லேப்டாப்பில் சைகைக்காக க்னோமுக்கு மாறுவது வாசற்கதவு பிடித்ததால் வீட்டையே வாங்குவது மாதிரி. எக்ஸ்எஃப்சிஇ-யிலேயே இருங்கள். அங்கே பலரும் பயன்படுத்துபவை இரண்டு: லிப்இன்புட்-ஜெஸ்ச்சர்ஸ், டச்எக். ரூபியில் எழுதிய ஃபுசுமா மூன்றாவது, அதுவும் நன்றாகவே ஓடும், ஆனால் இதற்காக ரூபியை நிறுவ வேண்டும்.

லிப்இன்புட்-ஜெஸ்ச்சர்ஸ் ஒரு பைத்தான் ஸ்க்ரிப்ட். அமைப்பது மிக எளிது: கோப்பில் ஒரு வரிக்கு ஒரு சைகை, சைகையின் பெயர், திசை, விரல் எண்ணிக்கை, ஓட்ட வேண்டிய கட்டளை. வொர்க்ஸ்பேஸ் மாற எக்ஸ்டூடூல் மூலம் கன்ட்ரோல்+ஆல்ட்+வலது அம்பு அனுப்பினால் போதும், எக்ஸ்எஃப்சிஇ-யின் இயல்பான குறுக்குவிசை அதுதான். எனக்கு இதில் உறுத்தும் ஒரே விஷயம், உங்கள் யூசரை இன்புட் என்ற குழுவில் சேர்க்கச் சொல்வது. சேர்த்துவிட்டால் உங்கள் பெயரில் ஓடும் எந்த நிரலும் கீபோர்டில் நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தையும், பாஸ்வேர்டு உட்பட, படிக்கலாம். வீட்டில் ஒருவர் மட்டும் பயன்படுத்தும் லேப்டாப்பில் பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. நான் பொருட்படுத்துவேன்.

டச்எக் இரண்டாகப் பிரிந்தது. ரூட்டாகப் பின்னணியில் ஓடும் ஒரு நிரல் (டீமன்) பேடைப் படிக்கிறது, உங்கள் செஷனில் ஓடும் கிளையண்டுக்குச் சைகையை மட்டும் சொல்கிறது. குழுவில் சேரத் தேவையில்லை. விரல் நகரும்போதே திரையில் ஓர் அசைவும் தெரியும், பாதியில் மனம் மாறினால் திரும்பத் தள்ளி ரத்து செய்யலாம். அதனால் எக்ஸ்11 என்ற பழைய திரை அமைப்பில் இதையே பரிந்துரைக்கிறேன். உங்கள் டிஸ்ட்ரோவின் களஞ்சியத்தில் இல்லாவிட்டால் அதன் கிட்ஹப் பக்கத்தில் டெப் கோப்பு கிடைக்கும். நிறுவியதும் 'சுடோ சிஸ்டம்சிடிஎல் எனேபிள் --நவ் டச்எக்', பிறகு ஒரு முறை லாக்-அவுட் செய்து உள்ளே வாருங்கள். எக்ஸ்எம்எல் கோப்பைத் தொட விரும்பாதவர்களுக்கு டச்சே என்ற வரைகலைச் செயலி இருக்கிறது. கோப்பையே திருத்துவதானால் யுஎஸ்ஆர்/ஷேர்/டச்எக் ஃபோல்டரில் உள்ள டச்எக்.கான்ஃப் கோப்பை ஹோம் ஃபோல்டரின் .கான்ஃபிக்/டச்எக் என்ற இடத்தில் நகலெடுத்து, அந்த நகலை மட்டும் திருத்துங்கள்.

சின்ன லேப்டாப்காரர்கள் தடுக்கி விழும் இடம் இங்கேதான். டச்எக் இயல்பாக மூன்று விரலை ஜன்னலைப் பெரிதாக்க, ஒதுக்க, சிறிதாக்க வைத்திருக்கிறது. டெஸ்க்டாப் (அதாவது வொர்க்ஸ்பேஸ்) மாற்றுவதை நான்கு விரலுக்குக் கொடுத்திருக்கிறது. பேடின் உயரம் நாற்பது மில்லிமீட்டர் அளவில் இருந்தால் நான்கு விரலை வைக்கவே இடம் போதாது, வைத்தாலும் சுண்டுவிரல் விளிம்பில் தொங்கும், எண்ணிக்கை 3-க்கும் 4-க்கும் இடையே ஆடும். ஆகவே நகலில் சேஞ்ச்_டெஸ்க்டாப் என்ற செயல் உள்ள இட-வலச் சைகைகளில் விரல் எண்ணிக்கையை 4-லிருந்து 3 ஆக்குங்கள். ஏற்கெனவே 3 விரலுக்கு இட-வலமாக இருக்கும் ஜன்னல் ஒதுக்கும் சைகைகளை நீக்கிவிடுங்கள், ஒரே சைகைக்கு இரண்டு செயல் இருக்கக் கூடாது. திசை என்ற இடத்தில் நெக்ஸ்ட், ப்ரீவியஸ் என்று கொடுப்பது எக்ஸ்எஃப்சிஇ-யில் பொருத்தம். அதே கோப்பின் மேற்பகுதியில் ஆக்ஷன்_எக்ஸிக்யூட்_த்ரெஷோல்ட் என்று 20 இருக்கும், சைகை எத்தனை சதவீதம் முடிந்தால் செயலாக வேண்டும் என்பது அது. தள்ளித் தள்ளி விரல் பேடின் ஓரத்துக்குப் போனாலும் மாறவில்லை என்றால் 10 ஆக்குங்கள். தொட்டதும் மாறிவிடுகிறது என்றால் 30.

சைகை பாதி நேரம் வருகிறது, பாதி நேரம் வரவில்லை என்றால் முதலில் விரல்களைப் பாருங்கள். மூன்றும் ஒட்டி இருந்தால் பழைய சென்சார் இரண்டை ஒன்றாகக் கருதும், சற்று விரித்து வையுங்கள். ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக இறங்கினால் முதல் இரண்டையும் வைத்து ஸ்க்ரோல் என்று முடிவு கட்டிவிடும், மூன்றும் சேர்ந்து இறங்க வேண்டும். அதற்கும் மசியவில்லை என்றால் அழுத்த வரம்பு. 'சுடோ லிப்இன்புட் மெஷர் டச்பேட்-பிரஷர்' ஓட்டி மெதுவாகத் தொடும்போது என்ன எண் வருகிறது என்று பாருங்கள். ஈடிசி/லிப்இன்புட் ஃபோல்டரில் லோக்கல்-ஓவர்ரைட்ஸ்.குவர்க்ஸ் (நடுச்சொல்லின் எழுத்துகள் ஓ, வி, இ, ஆர், ஆர், ஐ, டி, இ, எஸ்) என்ற கோப்பில் உங்கள் பேடின் பெயரைக் குறித்து ஆட்டர்பிரஷர்ரேஞ்ச் என்பதற்கு அதைவிடச் சிறிய இரண்டு எண்களைக் கொடுக்கலாம். முதல் எண்ணில் தொடுதல் தொடங்கும், இரண்டாவதில் முடியும், இரண்டாவது சிறியதாக இருக்க வேண்டும். மிகவும் குறைத்தால் உள்ளங்கை பட்டாலே கர்சர் ஓடும்.

ஆபத்தான ஒன்றும் உண்டு. டேப்-டு-கிளிக் (பேடைத் தட்டினாலே கிளிக் ஆகும் வசதி) இயங்கினால் மூன்று விரல் தட்டல் என்பது நடு மவுஸ் பொத்தான். லினக்ஸில் நடுப் பொத்தான் என்றால் தேர்ந்தெடுத்த எழுத்தை ஒட்டுவது. ஸ்வைப் மிகக் குறுகிப்போய்த் தட்டலாக எண்ணப்பட்டால் டெர்மினலில் ஏதோ ஒட்டப்படும், அதில் வரி முடிவும் இருந்தால் கட்டளையாகவே ஓடிவிடக்கூடும். டேப்பிங் பட்டன் மேப்பிங் என்ற அமைப்பை எல்எம்ஆர் என்று மாற்றினால் மூன்று விரல் தட்டல் வலது கிளிக் ஆகும், தவறினாலும் ஒரு மெனுதான் திறக்கும். ஆனால் இரண்டு விரல் தட்டல் நடுப் பொத்தானாகிவிடும், அந்த மாற்றம் கைக்குப் பழக வேண்டும்.

உங்கள் பேட் முதல் வகை என்று உறுதியானால், மூன்று விரல் ஸ்வைப்பை மறந்துவிடுங்கள். இரண்டு விரல் கூட எண்ணத் தெரியாத, ஆனால் அழுத்தமும் அகலமும் சொல்லத் தெரிந்த பேடில் ஸ்க்ரோலாவது கிடைக்க ஒரு பழைய தந்திரம் இருக்கிறது. எக்ஸ்சர்வர்-எக்ஸ்ஆர்க்-இன்புட்-சினாப்டிக்ஸ் என்ற பழைய டிரைவரில் எமுலேட்டூஃபிங்கர்மின்இசட், எமுலேட்டூஃபிங்கர்மின்டபிள்யூ என்று இரண்டு அமைப்பு. அழுத்தமும் அகலமும் இரண்டு வரம்பையும் தாண்டினால் இரண்டு விரல் என்று வைத்துக்கொள்ளும். இசட் 40, டபிள்யூ 8 என்று தொடங்கி, ஈவிடெஸ்டில் உங்கள் விரல்களுக்கு வரும் எண்களைப் பார்த்துச் சரிசெய்யலாம். சின்க்ளையண்ட் கட்டளையால் செய்யும் மாற்றம் அந்த செஷனோடு போய்விடும், நிலைக்க வேண்டுமானால் ஈடிசி/எக்ஸ்11/எக்ஸ்ஆர்க்.கான்ஃப்.டி ஃபோல்டரில் எழுத வேண்டும். கட்டைவிரலை அழுத்தமாக வைத்தாலும் ஸ்க்ரோல் ஆகும் என்பதே இதன் குறை, அதற்குத் தீர்வு இல்லை. இந்த டிரைவர் வேலண்டில் பயன்படாது.

பேடையே கழற்றி நல்லதாக மாற்றலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அதே மாடல் வரிசையில் அதே ரிப்பன் கனெக்டரோடு வந்த பேட் என்றால் பொருத்திப் பார்க்கலாம். ஆனால் ஐ2சி பேட் வேலை செய்ய மதர்போர்டில் அந்தக் கம்பித் தடம் இருக்க வேண்டும், பயாஸும் அதை அறிவிக்க வேண்டும். அது இல்லாத போர்டில் எவ்வளவு நல்ல பேடும் பிஎஸ்/2 பேடாகத்தான் பேசும், பேசினால். அந்தப் பணத்துக்கு யுஎஸ்பி அல்லது ப்ளூடூத் டச்பேட் ஒன்று வாங்கினால் மேலே சொன்ன டச்எக் அமைப்பு அப்படியே அதற்கும் பொருந்தும். செலவே வேண்டாம் என்றால் கன்ட்ரோல்+ஆல்ட்+அம்பு இன்றைக்கே வேலை செய்கிறது. லிஸ்ட்-டிவைசஸ் வெளியீட்டில் டச்பேட் பகுதியையும், டிமெசேஜில் சினாப்டிக்ஸ் அல்லது எலான்டெக் என்று வரும் வரிகளையும் இங்கே ஒட்டுங்கள். உங்கள் பேட் எந்த வகை என்பதை அவற்றைப் பார்த்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும், லேப்டாப் மாடல் எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. ஒரே மாடல் எண்ணிலேயே இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் பேட் வைத்து விற்பது சாதாரணம்.